போட் மெயில் நம்ம ஊர்ல இருந்துதான் கிளம்புச்சு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

மெட்ரோல கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே கேக்குறவங்க, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டுக் கேக்குறவங்க, எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை நைட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல அப்பர் பெர்த்துல படுத்து, தலைமாட்டுல மக்ரூன் டப்பாவை வச்சுக்கிட்டு இதைக் கேக்குற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஸ்பெஷல் வணக்கம். அந்த டப்பா ஆபீஸ் போய்ச் சேருற வரைக்கும் திறக்காம இருக்கணும், முயற்சி பண்ணுங்க.

"ப்ரோ, வெளிநாட்டு ரயில் பத்தி ஒரு எபிசோடு போடுங்க"ன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கீங்க. பகல்ல கோடு எழுதுறது, ராத்திரி டைம்டேபிள் படிக்கிறதுன்னு வாழுற ஒருத்தன்கிட்ட இதைக் கேட்டா என்ன ஆகும்? மூணு மணி நேரம் பேசுவான். அதனால ஒரு எல்லை வச்சுக்கிறேன். இன்னைக்கு ஒரே ஒரு வகை ரயில் பயணம்தான்: நடுவுல கடல் வர்ற பயணம். அதுல இத்தாலி வரும், இலங்கை வரும். ஆரம்பம் மட்டும் தூத்துக்குடி. ஏன்னா நம்மாளுங்க வெளிநாட்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்த கதையில நம்ம ஸ்டேஷனுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு.

கடைசி ஸ்டேஷனா, நடு ஸ்டேஷனா?

முதல்ல மேப். மதுரையில இருந்து தெற்கே வர்ற லைன் விருதுநகர், கோவில்பட்டி தாண்டி வாஞ்சி மணியாச்சிக்கு வரும். அங்க ரெண்டாப் பிரியும். ஒண்ணு திருநெல்வேலிக்கு. இன்னொண்ணு கைலாசபுரம், தட்டப்பாறை, மீளவிட்டான், மேலூர் வழியா தூத்துக்குடிக்கு. இந்தத் துண்டு முப்பது கிலோமீட்டர் இருக்கும்.

இன்னைக்குப் பார்த்தா திருநெல்வேலி பக்கம் போறதுதான் மெயின் லைன் மாதிரி தெரியும். கன்னியாகுமரி வண்டி, திருச்செந்தூர் வண்டி எல்லாம் அந்தப் பக்கம் போகுது. நம்மளது கிளை லைன், போய் முட்டி நிக்கிற இடம்னு தோணும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு, கிராஃப்ல ஒரு லீஃப் நோட்.

1876-ல இந்த லைன் திறந்தப்போ கதை தலைகீழா இருந்தது. மெட்ராஸ்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் வர்றதுதான் மெயின் லைன். மணியாச்சியில இருந்து திருநெல்வேலிக்குப் போறதுதான் கிளை. சவுத் இந்தியன் ரயில்வேயோட மீட்டர் கேஜ் தண்டவாளம் சுமார் 700 கிலோமீட்டர் ஓடி வந்து தூத்துக்குடி கடற்கரைல நின்னுச்சு. கரிசக்காட்டுப் பருத்தி துறைமுகத்துக்கு வரணும்னு ஒரு காரணம். இன்னொரு காரணம் கொழும்பு.

தூத்துக்குடியில இருந்து கொழும்பு சுமார் 150 கடல் மைல். சாயந்திரம் கப்பல் கிளம்பினா மறுநாள் காலையில கொழும்பு. ரயில் வந்து நிக்கும், தபால் மூட்டையும் பயணிகளும் இறங்குவாங்க, கப்பலுக்குப் போவாங்க. இதுதான் போட் மெயில். நம்மள்ல நிறையப் பேருக்குப் போட் மெயில்னா தனுஷ்கோடிதான் ஞாபகம் வரும். ஆனா 1914 வரைக்கும் அது தூத்துக்குடி வண்டி.

"கப்பலுக்குப் போவாங்க"ன்னு சொல்றது ஈஸி. நம்ம பழைய துறைமுகத்துக் கடல் ஆழம் இல்லாதது. பெரிய ஸ்டீமர் கரைக்கு வர முடியாது, சுமார் அஞ்சு மைல் தள்ளிதான் நங்கூரம் போடும். கரையில இருந்து சின்னப் படகுல அவ்வளவு தூரம் போய், ஆடுற படகுல இருந்து ஆடுற கப்பலுக்கு ஏறணும். கைக்குழந்தையோட, மூட்டையோட, காத்து அடிக்கிற மாசத்துல. பிளாட்பாரத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிக்கே நாம கவனமா இருங்கன்னு அறிவிப்பு கேக்குறோம்.

டிக்கெட் விலைக்கு நடந்த சண்டை

இந்த இடத்துல வ.உ.சி. வர்றாரு. ஸ்கூல் புத்தகத்துல "கப்பலோட்டிய தமிழன்"னு ஒரு வரியில முடிச்சிருவாங்க. ரயில் ரசிகனா பார்த்தா, அவர் கை வச்சது ஒரு இன்டர்சேஞ்சுல. ரயில்ல வந்து இறங்குற பயணி கொழும்புக்குப் போகப் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத்தான் நம்பி இருக்கணும். 1906-ல வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை ஆரம்பிச்சாரு. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்துச்சு.

அப்புறம் நடந்தது இன்னைக்கு ஆப் கம்பெனிகள் பண்ற அதே விலைச் சண்டை. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சது, சுதேசியும் குறைச்சது. கடைசியில பிரிட்டிஷ் கம்பெனி பயணம் இலவசம், கூட ஒரு குடையும் தர்றோம்னு இறங்கினதா சொல்வாங்க. 1908-ல வ.உ.சி. கைதானார், கம்பெனி சரிஞ்சது.

1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன். கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியில இருந்து ரயில்ல வந்து, முதல் வகுப்புப் பெட்டியிலயே உட்கார்ந்து காத்துக்கிட்டு இருக்காரு. போக வேண்டியது கொடைக்கானல். எதுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு? தூத்துக்குடியில இருந்து வர்ற சிலோன் போட் மெயிலுக்கு. அந்தச் சில நிமிஷத்துலதான் வாஞ்சிநாதன் பெட்டிக்குள்ள ஏறிச் சுட்டாரு. நம்ம ஊர் வரலாற்றுல பெரிய சம்பவம் ஒண்ணு கனெக்டிங் டிரெயினுக்காகக் காத்திருந்த நேரத்துல நடந்திருக்கு. ஸ்டேஷன் பேர்ல இன்னைக்கும் வாஞ்சி இருக்காரு. போட் மெயில் இல்ல.

தகர டிக்கெட்

இது வரைக்கும் சொன்னது பெரிய மனுஷங்க கதை. அந்த வண்டியில அதிகமா போனவங்க யாரு?

அடுத்த தடவை மணியாச்சி தாண்டினதும் தூங்காம ஜன்னல் பக்கம் உட்காருங்க. தட்டப்பாறைன்னு ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். எக்ஸ்பிரஸ் நிக்காது. உடைமரமும் கரிசல் மண்ணும்தான் கண்ணுல படும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்ம ஜனங்களுக்கு அங்க ஒரு முகாம் இருந்தது. பிளேக், காலரா பயத்துனால, கப்பலேறுறதுக்கு முன்னாடி அவங்களை அங்க நிறுத்தி, சோதிச்சு, நாள் கணக்கா வச்சிருந்து அனுப்புனாங்க. அப்புறம் மண்டபம் முகாம் வந்து அதோட இடத்தை எடுத்துக்கிச்சு.

அவங்க கையில இருந்த டிக்கெட்டைப் பத்திச் சொல்றேன். பழைய டிக்கெட் சேர்க்கிறது என்னோட பொழுதுபோக்கு. எட்மண்ட்சன் டிக்கெட்னு சொல்ற அந்தக் கெட்டி அட்டை டிக்கெட் ஒரு டப்பா நிறைய வச்சிருக்கேன். அதனால இந்த விஷயத்தைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இருந்து தோட்டத் தொழிலாளிங்களுக்குக் கொடுத்தது ஒரு சின்ன உலோக வில்லை. தகர டிக்கெட். அதுல மாவட்ட எண், தோட்ட எண் குத்தியிருக்கும். அதைக் காட்டினா ரயில்ல ஏத்துவாங்க, கப்பல்ல ஏத்துவாங்க, அந்தப் பக்கம் இறக்கி நேரா அந்தத் தோட்டத்துக்கு அனுப்பிருவாங்க. பணம் கட்ட வேண்டாம். செலவு தோட்டத்துக் கணக்குல ஏறும். தோட்டம் அதைத் தொழிலாளி பேர்ல கடனா எழுதும்.

நம்ம டிக்கெட்ல நம்ம பேர் இருக்கும், எங்க இருந்து எங்கன்னு இருக்கும். அந்த வில்லையில போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும்தான் இருந்தது. எங்க இருந்து வந்தான்னு இல்ல. திரும்பி வர்ற பயணம் அதுல இல்லவே இல்ல. லாஜிஸ்டிக்ஸ் கம்பெனில வேலை பார்க்கிறவங்களுக்குப் புரியும், அது பார்சல்ல ஒட்டுற லேபிளோட டிசைன்.

ரயில் ரசிகர்கள் நாம எஞ்சின் மாடல் பேசுவோம், ஹார்ன் சத்தத்தை வச்சே இது எந்த ஷெட் வண்டின்னு சொல்லுவோம். நல்லதுதான், நானும் பண்றேன். ஆனா ஒரு லைனைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா அதுல யாரு, எந்த டிக்கெட்ல போனாங்கன்னும் கேட்கணும். நம்ம முப்பது கிலோமீட்டர் லைன் எனக்குக் கத்துக் கொடுத்தது அதுதான்.

வண்டி ஊர் மாறிருச்சு

1914 பிப்ரவரி 24-ல பாம்பன் பாலம் திறந்தாங்க. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல கப்பலுக்கு வழிவிடத் தூக்குற பகுதி. தண்டவாளம் தனுஷ்கோடி வரைக்கும் போச்சு. அங்க இருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர்தான். ராத்திரி முழுக்க கப்பல்ல ஆடுன பயணம் சில மணி நேரமா சுருங்குச்சு. தூத்துக்குடியில கப்பல் போக்குவரத்து அடியோட நிக்கல. ஆனா மெயில் போயிருச்சு.

தனுஷ்கோடிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயில் நூத்துக்கும் மேற்பட்டவங்களோட கடல்ல போச்சு. ஸ்டேஷனும் போச்சு, துறையும் போச்சு. அதுக்கப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடுச்சு. 80-கள்ல இலங்கைப் போர் சூழல்ல அதுவும் நின்னுச்சு. இன்னைக்கும் எழும்பூர்ல இருந்து ராமேஸ்வரம் போற ஒரு வண்டிக்குப் போட் மெயில்னுதான் பேர். போட் மட்டும் கிடையாது.

ரயில் கப்பலுக்குள்ள ஏறுச்சு

இப்போ இத்தாலி. ஆபீஸ் வேலையா கொஞ்ச மாசம் ஜெர்மனில இருந்தேன். டீம்ல எல்லாரும் லீவுக்கு ஆல்ப்ஸ் மலைக்குப் போனாங்க. நான் ரோம்ல இருந்து சிசிலித் தீவுக்குப் போற ரயில்ல ஏறினேன். காரணம் ஒண்ணுதான்: அந்த ரயில் கப்பல்ல ஏறும்.

இத்தாலியோட கால் நுனியில வில்லா சான் ஜியோவானின்னு ஒரு ஊர். அங்க இருந்து மெசினா ஜலசந்தி, மூணு கிலோமீட்டர் சொச்சம் அகலம். வண்டி அங்க நிக்கும். பெட்டிகளைத் துண்டு துண்டா பிரிச்சு, ஷண்டிங் எஞ்சின் வச்சு மெதுவா கப்பலோட வயித்துக்குள்ள தள்ளுவாங்க. கப்பலுக்குள்ளயே தண்டவாளம் இருக்கு. நாம பெட்டியிலயே படுத்திருக்கலாம், இல்ல இறங்கி இரும்புப் படி ஏறி மேல்தளத்துக்குப் போகலாம். மேல கேன்டீன்ல அரான்சினின்னு சோத்து உருண்டையை மசாலா வச்சுப் பொரிச்சுத் தர்றாங்க, நம்ம போண்டா சைஸுக்கு இன்னும் பெருசா. அதைக் கடிச்சுக்கிட்டே எட்னா எரிமலை இருக்கிற தீவு பக்கத்துல வர்றதைப் பார்க்கலாம்.

கடலைத் தாண்டுறதுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. பிரிக்கிறதும் சேர்க்கிறதும்தான் நேரம். இறங்கிப் போட்ல போய் மறுபடி ஏறுனா சீக்கிரம் போயிரலாம். எதுக்குடா இவ்வளவு மெனக்கெடுறாங்கன்னு பக்கத்து சீட்டுல இருந்த பாட்டியைப் பார்த்ததும் புரிஞ்சது. மூணு பெரிய பை, கால் சரியில்ல. ஏறுன இடத்துல இருந்து இறங்குற இடம் வரைக்கும் அந்தப் பையை அவங்க தொடவே இல்ல. ஒரே டிக்கெட், ஒரே சீட்டு.

எல்லா இடத்துலயும் இது நீடிக்கல. ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் நடுவுல புட்கார்டன், ரோட்பின்னு ரெண்டு துறைக்கு நடுவுல இதே மாதிரி ரயில் கப்பல் ஓடுச்சு. 2019 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. நான் போனப்போ அதுல ஏறக் கொடுத்து வைக்கல. ஆனா அங்க கடலுக்கு அடியில சுரங்கம் கட்டிக்கிட்டு இருக்காங்க. ஒரு வழியை மூடினா இன்னொண்ணு திறக்குறாங்க.

கோச்சி

சிசிலி பார்த்தவன் தலைமன்னார் பார்க்காம இருந்தா எப்படி? கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல இருந்து வடக்கே போற வண்டி. நம்ம பக்கத்து ஆளுக்கு முதல் ஆச்சரியம் போர்டு: சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூணுலயும். தமிழ்ல "புகையிரத நிலையம்"னு எழுதியிருக்கும். ஆனா ஜனங்க பேசுறப்ப "கோச்சி". "கோச்சி எத்தனை மணிக்கு?"ன்னு ஒரு அம்மா என்கிட்ட கேட்டப்ப எனக்கு ரெண்டு செகண்ட் ஆச்சு.

அனுராதபுரம் தாண்டி, மடு ரோடு தாண்டி, மன்னார் தீவுக்குள்ள வண்டி போறப்ப வெளியில பார்த்தா அப்படியே ராமநாதபுரம். பனைமரம், மணல், உப்புக்காத்து. 1990-ல போர்ல அழிஞ்ச இந்த லைனை மறுபடி போட்டது இந்திய ரயில்வேயோட இர்கான் நிறுவனம். 2015 மார்ச்ல தலைமன்னார் வரைக்கும் திறந்தாங்க. கடைசி ஸ்டேஷன் பேரு தலைமன்னார் பியர். இறங்கி நடந்தா பழைய துறையோட மிச்சம் கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்குது, பக்கத்துல கலங்கரை விளக்கம். எதிர்ல, கண்ணுக்குத் தெரியாத தூரத்துல தனுஷ்கோடி. அங்க போனவங்களுக்குத் தெரியும், நம்ம போன்ல "இலங்கைக்கு வரவேற்கிறோம்"னு மெசேஜ் வரும். சிக்னலுக்கு விசா தேவையில்ல.

இப்போ டெக்னிக்கலா ஒரு விஷயம். போட் மெயில் ஓடின காலத்துல நம்ம பக்கம் மீட்டர் கேஜ், இலங்கைப் பக்கம் 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜ். கடல் இல்லாம இருந்திருந்தாலும் அந்த வண்டி நேரா போயிருக்க முடியாது. இன்னைக்கு ராமேஸ்வரம் வரைக்கும் நாமளும் 1,676. மில்லிமீட்டர் பிசகாம ஒண்ணு. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல செஞ்ச டீசல் ரயில் செட்டுகள் கப்பல்ல போய் இலங்கையில ஓடிக்கிட்டு இருக்கு. 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலமும் திறந்தாச்சு. அளவு பொருந்தாத காலத்துல பயணி போனான். எல்லாம் பொருந்துற காலத்துல பெட்டி போகுது, பயணிக்கு அந்த வழி இல்ல.

அப்புறம் மலைநாட்டு லைன்லயும் போனேன். எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், வாசல்ல தொங்கிக்கிட்டு ரீல்ஸ், எல்லாம் நீங்க பார்த்திருப்பீங்க. நான் அட்டன்ல இறங்கினேன். தகர டிக்கெட்டோட போனவங்களோட பேரப்பிள்ளைகள் வாழுற ஊர். டீக்கடை அண்ணாச்சிகிட்ட, அங்க "ஐயா"ன்னுதான் கூப்பிடணும், தூத்துக்குடின்னு சொன்னதும் "எங்க தாத்தா அந்த வழியாத்தான் வந்தாராம்"னாரு. தாத்தா எந்தக் கிராமம்னு கேட்டேன். "திருநெல்வேலிப் பக்கம்"னு மட்டும்தான் அவருக்குத் தெரியும். வில்லையில எழுதாத விவரம், மூணு தலைமுறையில காணாமப் போயிருச்சு.

அந்த ஸ்டேஷன்ல இன்னொரு கதையும் இருக்கு. 1964 அக்டோபர்ல போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும், மீதி 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசலாம்னு முடிவாச்சு. ஒரே வீட்டுல அண்ணன் இந்தியா, தம்பி இலங்கைன்னு பிரிஞ்சாங்க. அந்த மலை ஸ்டேஷன்கள்ல இருந்து தலைமன்னாருக்குக் கிளம்பின வண்டிக்கு ஜனங்க வச்ச பேரு "ஒப்பாரிக் கோச்சி". வண்டிக்குள்ளயும் அழுகை, பிளாட்பாரத்துலயும் அழுகை. இந்தப் பக்கம் வந்தவங்க மண்டபம் வழியா நீலகிரி, கூடலூர், கோத்தகிரின்னு போய்ச் சேர்ந்தாங்க. முதல் பயணத்துல ரிட்டர்ன் டிக்கெட் இல்ல. இந்தப் பயணத்துலயும் இல்ல.

இப்போ என்ன வழி?

2011 ஜூன்ல தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி ஆரம்பிச்சாங்க. ஸ்கோஷியா பிரின்ஸ், ஆயிரம் பேர் போகலாம். அதே வருஷம் நவம்பர்ல நின்னு போச்சு. அவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆள் சேரல. பழைய துறைமுகத்துல இருந்து தோணிகள் இன்னும் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. ஆனா அது சரக்குக்கு.

பயணிக்கு இப்போ இருக்கிற வழி நாகப்பட்டினம். அங்க இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, இடையில நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடுச்சு. சுமார் நாலு மணி நேரம். காங்கேசன்துறையில துறைமுகம் இருக்கு, ரயில் ஸ்டேஷனும் இருக்கு. யாழ்தேவி அங்க இருந்துதான் கொழும்புக்குக் கிளம்பும். அதாவது எழும்பூர்ல ஏறி, நாகப்பட்டினத்துல இறங்கி, கப்பல்ல போய், யாழ்தேவி பிடிச்சா, அது போட் மெயில்தான். ஒரே டிக்கெட்டுக்குப் பதிலா மூணு டிக்கெட், மூணு ஆப். போறதுக்கு முன்னாடி கப்பல் ஓடுதான்னு கேட்டுக்கோங்க, கடல் மோசமான மாசங்கள்ல நிறுத்திருவாங்க. பாஸ்போர்ட், விசா கட்டாயம்.

நாகையில வெற்றி பெற்றா, தூத்துக்குடியில மறுபடி யோசிக்கலாம். இந்தத் தடவை ஆயிரம் பேர் கப்பல் வேண்டாம், சின்னதாவே ஆரம்பிக்கலாம். ரயில் வர்ற நேரத்தையும் கப்பல் கிளம்புற நேரத்தையும் ஒருத்தர் உட்கார்ந்து பொருத்தினாலே பாதி வேலை முடிஞ்சது. 1900-ல பேப்பர்லயும் பென்சில்லயும் பண்ணின வேலை அது. இன்ஜினியர்கள் நிறைஞ்ச ஊர்ல நாம ஆளுக்கொரு சனிக்கிழமை ஒதுக்கினா போதும். சும்மா சொல்லல, இந்த மூணு டிக்கெட்டையும் ஒரே ஸ்கிரீன்ல காட்டுற சின்ன ப்ராஜெக்ட் ஒண்ணு நான் ஆரம்பிச்சிருக்கேன். சேர விரும்புறவங்க சொல்லுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். வீட்டுல தாத்தா பாட்டிகிட்ட "நம்ம ஆளுங்க யாராச்சும் கொழும்பு போனாங்களா? எந்த ஸ்டேஷன்ல ஏறினாங்க?"ன்னு கேளுங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க. பழைய டிக்கெட், கடுதாசி, தகர வில்லை ஏதாவது பரண்ல இருந்தா போட்டோ எடுங்க. ஊர் பேரு, வருஷம், எது தெரிஞ்சாலும் போதும். அட்டன்ல டீ ஆத்துற அந்த ஐயாவுக்கு ஒரு கிராமத்துப் பேராவது கிடைக்கட்டும்.

அடுத்த எபிசோடுல செங்கோட்டை-புனலூர் மலைப்பாதை. ஜன்னல் சீட்டு புக் பண்ணி வைங்க.